எந்த வெள்ளை

சங்கரலிங்கம் தன் மனைவி செண்பகவடிவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஜவுளிக்கடைக் கண்ணாடியின் முன்னால். தோளுக்கு ஒன்றாக இரண்டு சேலைகளைப் போட்டுக்கொண்டு, எது பொருந்துகிறது என்று அவரிடம் கேட்டாள்.

"எதைக் கட்டினாலும் நீ நீதானே" என்று சொல்லிவிட்டு, அவர் வாசலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூட்டம் கூடியது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஏழாம் மாதம் அவர் ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்தார். அங்கிருந்த சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சங்கரலிங்கத்துக்கு ஒரே பேச்சுதான். பீரோ நிறையச் சேலை. பாதி கட்டவே இல்லை. ஆடித் தள்ளுபடியில் நாலு, டிவி விளம்பரத்தில் ஒருத்தி கட்டியிருந்தாள் என்று ஒன்று. தனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது, ஆயுசுக்கும் வெள்ளைச் சட்டைதான் என்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "அத்தனை சேலையிலும் அவ யாரைத் தேடினா, சாமி? நான் கடைசியாச் சொன்னது தப்பா?"

சாமி தோளில் கிழிந்திருந்த அவர் சட்டையைப் பார்த்தார். டவுனுக்குப் போய் புதிதாக ஒன்று எடுத்துவரச் சொன்னார்.

சாயங்காலம் அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"கடை அடைப்பா அண்ணாச்சி?"

"இல்ல சாமி. வெள்ளைன்னு கேட்டேன். பதினெட்டு வெள்ளை எடுத்துப் போட்டான். பால் வெள்ளைங்கான், சந்தன வெள்ளைங்கான். எது என் வெள்ளைன்னு எனக்குத் தெரியல."

"இதுவரைக்கும் யார் எடுத்தா?"

"அவதான். முப்பத்தோரு வருஷமா."

அவள் எப்படி எடுப்பாள் என்று சாமி விசாரித்தார். சங்கரலிங்கம் யோசித்து யோசித்துச் சொன்னார். துணியைக் கசக்கிப் பார்ப்பாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அவர் கழுத்தோரம் வைத்துப் பார்ப்பாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் வேறொன்று கொண்டுவருவாள். அவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்ந்ததில்லை.

சாமி மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு எது பொருந்தும்னு அவங்க யாரையும் கேட்கல, அண்ணாச்சி. தனக்கு எது பொருந்தும்னுதான் உங்களைக் கேட்டாங்க."

சங்கரலிங்கம் அதற்குப் பிறகு சேலைகளைப் பற்றிப் பேசவில்லை.

அவள் எடுத்த சட்டைகளில் மூன்று இன்னும் கிழியாமல் இருக்கின்றன.