சூடான டம்ளர் வழக்கு

எவர்சில்வர் டம்ளருக்குத் துணி உறை மாட்டியதற்காக ஒரு பெரிய கம்பெனி காப்புரிமை கேட்டது. கேளுங்கள் இந்தக் கூத்தை! அது மட்டும் கிடைத்துவிட்டால், அதே மாதிரி டம்ளர் செய்து விற்கும் அமலோற்பவம் தன் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் விசாரணையில் ஆட்சேபம் சொல்ல அவளே வந்துவிட்டாள், கையில் பிளாஸ்க்கும் ஒரு வெறும் டம்ளருமாக.

கம்பெனி வக்கீல் ரங்கபாஷ்யம் காப்புரிமை அதிகாரி முன்னால் முழங்கினார். "டம்ளர் பழசுதான். துணி உறையும் பழசுதான். ஆனால் இரண்டையும் சேர்க்கலாம் என்று சாதாரண மூளைக்குத் தோன்றவே தோன்றாது! அதுதான் ஐயா கண்டுபிடிப்பு!"

"பிரமாதம் சார்! தொண்டை வறண்டிருக்கும், ஒரு வாய் காபி குடிங்க."

அமலோற்பவம் ஆவி பறக்க ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். டபராவை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

வக்கீல் டம்ளரைத் தொட்டார். "ஆ!" என்று கையை உதறினார். காபி வாசனையோ விடவில்லை. சட்டென்று கைக்குட்டையை உருவி டம்ளரைச் சுற்றிப் பிடித்து, ஒரு வாய் உறிஞ்சினார்.

அமலோற்பவம் துள்ளி எழுந்தாள். "ஐயா, பாருங்க, பாருங்க! டம்ளரையும் துணியையும் சேர்த்துட்டார்! இவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"இது... சுட்டதும் தானாகச் செய்தது!" என்று வக்கீல் திணறினார்.

"சுட்டா யாருக்கும் தானா தோணும்னுதானே சார் நானும் சொல்றேன்!"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். பிறகு பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கம்மா. கைக்குட்டை என்கிட்டயும் இருக்கு."