இரண்டாவது வட்டத்தின் விசிறி

நெல் வயலுக்குள் இரண்டு வட்டங்கள். இரண்டையும் சுற்றித் துளையிட்ட குழாய்கள். முதல் வட்டத்தின் விசிறி, காற்றோடு கரியமில வாயுவைக் கலந்து பயிர்மேல் ஊதும். சூசைராஜின் மகள் கிழவியாகும் காலத்தில் காற்று எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் காற்றை இன்றைய நெல்லுக்குக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது வட்டம். அதன் விசிறிக்கு வாயு இணைப்பு இல்லை.

சூசைராஜ் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். முனைவர் பட்டத்துக்கு அவருக்கு இதுவே கடைசிப் போகம். இதற்குமேல் பல்கலைக்கழகம் அவகாசம் தராது. வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர். பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்ததால் இந்தப் போகத்தில் வயல் பக்கம் வரவில்லை. விடுப்பு முடிந்த மறுநாள் விடியற்காலையில் சூசைராஜ் போன் செய்தார்.

"உடனே வாங்க மேடம். வெயில் ஏறிட்டா போயிடும்."

வந்தார். இரண்டாவது வட்டத்தில் இலைக்கு இலை பனி. முதல் வட்டத்தில் ஒரு துளி ஈரம் இல்லை.

"தினமும் இப்படித்தான். வாயு பனியைக்கூட அண்ட விடலை. அதனாலதான் ஈரத்துல பரவுற குலைநோயும் அங்கே இல்லை." தேவாலயத்துக்குள் பேசுவதுபோல் குரல் தாழ்ந்திருந்தது. "ஆய்வேட்டுக்கு இது போதும் மேடம்."

மெஹருன்னிசா பயிரைப் பார்க்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார்.

"இந்த வட்டம் ஏன் சார் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"நாத்து நட்டதிலிருந்தே இந்த விசிறியைப் போடலை. வாயு இல்லாம வெறும் காத்துதானே? அது ஊரெல்லாம் சும்மா அடிக்குது. அதை ஊத எதுக்கு மேடம் கரண்டு?"

அன்று மாலை மெஹருன்னிசா முதல் வட்டத்தின் வாயுவை மூடினார். இரண்டு விசிறிகளையும் ஓட விட்டார்.

"வாயுவை மூடிட்டா என் கணக்கு என்ன ஆகும் மேடம்?"

"காலையில பாப்போம் சார்."

விடிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் பனியில் வெள்ளி போல் கிடந்தது. அதன் நடுவே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல், இரண்டு பச்சை வட்டங்கள். இரண்டிலும் ஒரு துளி இல்லை.

சூசைராஜ் வரப்பிலேயே நின்றுவிட்டார். முதல் வட்டத்தின் இலையைத் தொட்டார். இரண்டாவதில் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"வாயு?"

"ராத்திரி முழுக்க மூடித்தான் இருந்துச்சு."

சூசைராஜ் ஓடிக்கொண்டிருந்த விசிறிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ ஒரு போகம் முழுக்க இந்தப் பயிர் என்னை ஏமாத்திடுச்சா மேடம்?"

"இல்ல சார். விசிறி போட்டா என்ன ஆகும்னுதான் நீங்க அதுகிட்ட கேட்டீங்க. ஒரு நாள் விடாம சொல்லியிருக்கு."