கரைக்கு வராதவர்கள்

காட்டுக் குளத்துக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தாழம்புதருக்குள் புகுந்து போகும் நிழல் வழி. கிட்ட வழியும் அதுதான். இன்னொன்று, பாறைமேல் ஏறிச் சுற்றிக்கொண்டு போகும் வழி. கோடையில் அந்தப் பாறை தோசைக்கல்லாகக் காயும்.

கௌதாரி தன் குஞ்சுகளோடு புதருக்கு முன்னால் வந்து நின்றாள். வீட்டுப் பக்கத்துக் குட்டை வற்றிவிட்டது. தாகத்தில் கடைக்குட்டிக்குத் திறந்த வாய் மூடவில்லை. பாறை வழியில் போனால் குஞ்சுகள் வதங்கிவிடும். புதரிலோ மலைப்பாம்பு குடியிருக்கிறது. எதில் போவது?

அந்த நேரம் பார்த்து மயிலண்ணன் பறந்து வந்து இறங்கினார்.

"ஏன் தங்கச்சி தயங்குறே? புதர் வழியிலேயே போ. நான் கருத்துக்கணிப்பே எடுத்துட்டேன்!"

"அப்படின்னா என்னண்ணே?"

"காட்டுல இருக்கிற எல்லாரையும் கேட்டு மாளுமா? கொஞ்சம் பேரைக் கேட்டு, மத்தவங்க நிலைமையையும் தெரிஞ்சுக்கறது. அந்தக் கொஞ்சம் பேருக்கு 'மாதிரி'ன்னு பேரு. புதர் வழியா வந்தவங்ககிட்ட பாம்பு தொந்தரவு உண்டான்னு கேட்டேன். ஒருத்தர்கூட உண்டுன்னு சொல்லலை."

கௌதாரி புதருக்குள் காலை வைத்தாள். அந்த வழியே போன நாத்தனார் இன்னும் வீடு திரும்பவில்லையே என்று நினைப்பு வந்தது. காலைப் பின்னால் எடுத்தாள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன.

"அம்மா, போறோமா, வர்றோமா?"

"எனக்கே தெரியலை கண்ணு."

மயிலண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்குப் பதில் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நாத்தனார் எங்கே? ஒன்றும் பிடிபடாமல் கௌதாரி மறுபடி கேட்டாள்.

"எங்கே நின்னு கேட்டீங்கண்ணே?"

"குளத்தங்கரையில. முதல்ல இந்தப் புதர் வாசல்லதான் நின்னேன். மலைப்பாம்புதான் யோசனை சொன்னான். 'இங்கே வெயில்ல நிக்காதீங்க, கரையில மரநிழல் இருக்கு, தண்ணி குடிக்க வர்றவங்களை அங்கே வச்சு நிதானமா கேளுங்க'ன்னான். தங்கமான மனசு."

"என் நாத்தனார் என்ன சொன்னா?"

"அவ கரைக்கே வரலையே. வராதவளை நான் எப்படிக் கேட்கறது?"

கௌதாரி அப்படியே நின்றுவிட்டாள். பாம்பிடம் மாட்டாதவர்கள்தானே கரைக்கு வந்து சேர்வார்கள்? மாட்டினவர்கள் எங்கே நின்று பதில் சொல்வார்கள்?

பக்கத்து வளையில் முயல் உட்கார்ந்திருந்தாள். கௌதாரி அவளிடம் போனாள்.

"மதினி, வீட்டுக்காரர் இல்லையா?"

"புதர் வழியா தண்ணி குடிக்கப் போனாரு. கரையில யார்கூடயாவது வாயடிச்சுக்கிட்டு இருப்பாரு. அவருக்குப் பேச ஆள் கிடைச்சா போதுமே."

அடுத்த வளையில் முள்ளெலி. அவள் தங்கையும் அந்த வழியில்தான் போயிருந்தாள். "கோவிச்சுக்கிட்டுப் போனா. கோபம் தணிஞ்சா வருவா" என்றாள் முள்ளெலி.

மயிலண்ணன் தோகையைத் தொங்கவிட்டார். "இவங்க சொல்ற ரெண்டு பேரையும் நான் கரையில பார்க்கவே இல்லையே" என்றார் மெதுவாக.

மென்றுகொண்டிருந்த புல் முயலின் வாயிலேயே நின்றது.

கௌதாரி குஞ்சுகளைப் பாறைப் பக்கம் திருப்பினாள். சூடு தாங்காத இடத்தில் இறகை விரித்து நிழல் கொடுத்தாள். பாறை இடுக்கு கண்ட இடமெல்லாம் உட்கார வைத்தாள். கடைக்குட்டியை அலகால் தள்ளித் தள்ளி நடத்தினாள். பொழுது சாயும்போது குஞ்சுகள் எல்லாம் குளத்தில் தலையை முக்கிக் குடித்தன.

பதில் சொன்னவர்களின் பேச்சை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பதில் சொல்ல வர முடியாமல் போனவர்கள் யார் என்றும் விசாரிக்க வேண்டும்.