நெட்புக்கில் போட்ட ஒரு பிடி அரிசி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சந்திரமதிக்கு எப்போதும் ஒரு பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதைச் சொன்னாலும் நடுவில் ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனதைச் சேர்க்கப் போனால் முதலில் சொன்னது மாறிப்போகும். ஆனால் அவள் புருஷன் சங்கரபாண்டி சொன்னால் எல்லாமே அவர் தம்பி செய்த வேலையாகிவிடும். தம்பி உச்சிமாகாளி சொன்னால் எல்லாமே கம்ப்யூட்டர் செய்த வேலையாகிவிடும். அவள் சொன்னால்தான் மூன்று பேருக்கும் பங்கு சரியாக வரும். ஆகவே அவள் சொல்கிறபடியே கேட்டுக்கொள்ளலாம். புத்தி கொஞ்சம் நிதானமாக வேலை செய்கிற வீடு, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாகைக்குறிச்சியில் மாவு மில் வைத்திருக்கிற வீடு அது. முன்னால் மில், பின்னால் குடித்தனம். சங்கரபாண்டி தானியத்தைக் கொட்டுவார், உச்சிமாகாளி மோட்டாரைப் பார்த்துக்கொள்வான், சந்திரமதி எடை போட்டுச் சலித்துக் கொடுப்பாள். ஒரே மகள் வடிவு பட்டப்படிப்பு முடித்தவள். அந்த மூளை யார் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வடிவிடம் நெட்புக் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. காலேஜில் சேர்ந்தபோது யாரோ பயன்படுத்திச் சலித்துப்போய் விற்றதை வாங்கியது. தாம்பாளத்தைவிடச் சின்னது. காலையில் அதைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, காப்பி குடித்து வந்து பார்த்தால், அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் அதில் முகம் பார்த்துக் கேள்வி கேட்டார். வடிவு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. கால் மணி நேரம் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மனிதர் வேறு பெண்ணுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

இப்போது இன்னொரு கம்பெனி. சாயங்காலம் நாலு மணிக்கு இண்டர்வியூ. போன் ஆகாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இதுவும் போனால் மகளும் மில்லிலேயே உட்கார்ந்து, தன்னைப் போல நாற்பது வயதில் மாவாய் இருமவேண்டியதுதான் என்று சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. வடிவோ சர்டிபிகேட் வாங்கக் காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டாள். போகும்போது, தான் வருவதற்குள் நெட்புக்கைக் கடையில் காட்டி வேகமாக்கி வைக்கச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

சந்திரமதியும் கொழுந்தனும் அதைத் துண்டில் சுற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நெட்புக்கைப் போட்டார், சட்டையை மாற்றினார், தலை சீவினார், செருப்பைத் தேடினார். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா, இதுக்கு வயசாயிட்டுது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துடுங்க. உள்ளே தூசி இல்லாம பாத்துக்கோங்க. சூடாக விடாதீங்க. ஓடும்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்.

வழியெல்லாம் மறந்துவிடாமல் இருக்க, சந்திரமதி அந்த மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எதிரே வந்தவர்கள் அவள் ஏதோ வேண்டுதலில் இருக்கிறாள் என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது. உச்சிமாகாளி வட்டத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். மோட்டார் விஷயத்தில் அவன் சொன்னால் வேறு பேச்சுக் கிடையாது.

"அண்ணே, சக்கரம் சுத்துது, மாவு விழமாட்டேங்கு. நம்ம மில்லுல இப்படி ஆனா என்ன அர்த்தம்?"

"பெல்ட் தொய்ஞ்சுட்டுதுன்னு அர்த்தம்."

"அதேதான் இங்கயும்."

பெல்ட் எங்கே என்று தேடினார்கள். நெட்புக்கையும் சுவரையும் சேர்ப்பது சார்ஜர் வயர் ஒன்றுதான். அது தரையில் தொய்ந்து கிடந்தது. உடனே மேஜையை எதிர்ச் சுவர்வரை தள்ளி, வயரை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக்கினார்கள். யாராவது தடுக்கி விழுந்துவிடப்போகிறார்களே என்று சந்திரமதி கவலைப்பட்டாள். கவலைப்பட்டுக்கொண்டே நடந்து, அவளே தடுக்கி விழுந்தாள். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை இருண்டு வட்டம் நின்றது.

"நின்னுட்டுது பாருங்க. வேலை முடிஞ்சிருக்கும்" என்று அவள் தரையிலிருந்தே சொன்னாள். மற்ற இருவரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, தேவையில்லாததை எடுக்கவேண்டும். நெட்புக்கை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். எடுக்கிற மாதிரி இருந்தது மேலே வரிசை வரிசையாக இருந்த எழுத்துப் பொத்தான்கள்தான். சாக்குகளில் இங்கிலீஷ் எழுத்துப் போட்டுப் பழக்கம் உள்ளவர் சங்கரபாண்டி. அவர்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று ஆயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இண்டர்வியூவில் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள், ஆகவே வடிவு என்று எழுதத் தேவையான எழுத்து இருந்தால் போதும், மற்றதெல்லாம் வீண் பாரம் என்றார்.

அரிவாள்மனை முனையால் ஒவ்வொன்றாக நெம்பினார்கள். கியூ, எக்ஸ், இசட் மூன்றும் முதலில் போயின. அவற்றால் இந்த ஊரில் யாருக்கும் ஒரு உபகாரமும் நடந்ததில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சங்கரபாண்டியின் சொந்த எழுத்தான எஸ் வந்தபோது அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகளுக்காக அதையும் நெம்பிப் போட்டார்.

திடீரென்று சந்திரமதி மார்பில் கை வைத்தாள்.

"ஏங்க, வடிவுல 'வி' ரெண்டு தடவை வருதுல்லா. இங்க ஒண்ணுதான் இருக்கு."

மூன்று பேரும் வரிசை வரிசையாகத் தேடிப் பார்த்தார்கள். ஒன்றுதான். இத்தனை வருஷமாகப் பெண் ஒரு 'வி'யை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாள் என்பதை நினைத்தபோது பெற்றவள் கண் கலங்கியது. சங்கரபாண்டி யோசித்து, ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதில்லையா, முதல் தடவை அழுத்திவிட்டுக் கொஞ்சம் ஆறவிட்டு அடுத்த தடவை அழுத்திக்கொள்ளட்டும் என்றார். இதனால்தான் அது இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று உச்சிமாகாளி கண்டுபிடித்தான்.

கீழே எழுத்தே இல்லாத நீளப் பொத்தான் ஒன்று இருந்தது. எழுத்தே இல்லாதது எதற்கு என்றான் உச்சிமாகாளி. குடும்பத்தையே தாங்குகிற பெரிய மனுஷி மாதிரி இருக்கிறது, இருக்கட்டும் என்றாள் சந்திரமதி. "ஒரு வேலையும் செய்யாம நீட்டிப் படுத்திருக்கு மைனி" என்று அவன் அதையும் நெம்பினான். எல்லாவற்றையும் சல்லடையில் போட்டு வைத்தார்கள்.

பொத்தான்கள் போனதும் அடியில் சந்து சந்தாக இடுக்கு தெரிந்தது. எல்லா இடுக்கிலும் மாவு. கடைக்காரர் தூசி என்று சொன்னது இதைத்தான். இங்கே ஆலோசனையே தேவைப்படவில்லை. மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்து அரிசி மாவு அரைக்கவேண்டுமானால், முதலில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டுவார்கள். உள்ளே ஒட்டியிருப்பதை எல்லாம் அது துடைத்துக்கொண்டு வந்துவிடும். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் உலகத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

சந்திரமதி சும்மா போடவில்லை. கல் பொறுக்கி, புடைத்து, நல்ல அரிசியாக ஒரு பிடி போட்டாள். உச்சிமாகாளி மெதுவாகக் குலுக்கினான். அரிசி உள்ளே போனது. வெளியே வரவில்லை. குலுக்கும்போதெல்லாம் உள்ளே ஜல் ஜல் என்று சத்தம்.

"ஓடுது அண்ணே. முன்னாடி இந்தச் சத்தமே கிடையாதுல்லா."

மிச்சம் இருந்தது சூடு ஒன்றுதான். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் மண்பானை. அதன் மேல் நெட்புக்கை மூடி மாதிரி வைத்துவிட்டு, காரியம் முடிந்த திருப்தியில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதன் வேகத்தைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கக்கூடாது. மாவு அரைக்க வருகிறவர்கள் கேட்காத கேள்வியை அந்த வீட்டுக்காரர்கள் தாங்களாகக் கேட்டுக்கொள்வதில்லை.

வடிவு மூன்றரை மணிக்கு வந்தாள். பானையைப் பார்த்தாள். சல்லடையைப் பார்த்தாள். நெட்புக்கைத் தூக்கினாள், ஜல் என்றது. அவள் திட்டவில்லை, அழவில்லை. சல்லடையில் கிடந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்த நேரத்தில் சந்திரமதி தான் கும்பிடுகிற சாமிகளையும் கும்பிடாத சாமிகளையும் கூப்பிட்டு முடித்துவிட்டாள்.

பிறகு வடிவு அதைக் கவிழ்த்துத் தட்டினாள். முக்கால் பிடி அரிசி கொட்டியது. பிளக்கைச் செருகி, பொத்தான் இருந்த இடத்தை விரலால் தடவித் தடவி, நெட்புக்குக்குள் என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறது என்று பார்த்தாள்.

"அம்மா, சித்தப்பா கல்யாண வீடியோவை இதுல யாரு ஏத்தினது?"

மூன்று பேருமே கையைத் தூக்கினார்கள். ஒருத்தர் ஏற்றியது அழிந்துவிட்டால் இன்னொருத்தருடையது இருக்கட்டும் என்று, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு தடவை பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு ஏற்றியிருந்தார்கள். மூன்று நாள் கல்யாணம். பந்தி மட்டுமே அரைப்பொழுதுக்கு ஓடும். நெட்புக் அந்தக் கல்யாணத்தை மூன்று மடங்காகச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாள் மூச்சு வாங்கியிருக்கிறது. வடிவு அத்தனையையும் அழித்தாள். தாய்வீட்டுக்குப் போயிருந்த தன் மனைவி கழுத்தில் கட்டிய தாலி கண்ணெதிரே காணாமல் போவதைப் பார்த்து உச்சிமாகாளி விசும்பினான்.

நெட்புக்கை அணைத்து மறுபடி போட்டாள். சந்திரமதி பொத்தான் சல்லடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வழக்கம்போல காப்பி போட எழுந்தாள். எழுந்திருப்பதற்குள் அது கண் விழித்துவிட்டது. அதோடு மணியும் அடித்தது. கம்பெனிக்காரர் முன்கூட்டியே கூப்பிட்டுத் திரையில் வந்துவிட்டார். இவ்வளவு வேகத்தை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையாதீங்க" என்றாள் வடிவு பல்லுக்கு நடுவில்.

யாரும் அசையவில்லை. சங்கரபாண்டி அண்ணாந்து தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கியிருந்தார், அப்படியே நின்றார். உச்சிமாகாளி குனிந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தான், அப்படியே இருந்தான். சந்திரமதி இடுப்பில் சல்லடையோடு, மூச்சை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

வடிவு கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நடுவில் அவள் நெட்புக்கை நகர்த்தியபோது மிச்சமிருந்த கால் பிடி அரிசி சலசலத்தது; அங்கே மழையா, ஏதோ சத்தம் வருகிறதே என்று அந்தக் கம்பெனிக்காரர் கேட்டார். லேசான தூறல் என்றாள். கடைசியில் அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பின்னால இருக்கிற சிலைங்க ரொம்பத் தத்ரூபமா இருக்கே. உங்க ஊர்ல செய்யறதா?"

"ஆமா சார். உள்ளூர்தான்" என்றாள் வடிவு.

திங்கட்கிழமையிலிருந்து வேலையில் சேரச் சொல்லிவிட்டார். வடிவு நெட்புக்கை மூடிவிட்டுச் சிநேகிதியிடம் சொல்ல ஓடினாள். அசையலாம் என்று சொல்ல மறந்துபோனாள். அவள் திரும்பி வந்து சொல்லும்வரை சங்கரபாண்டியின் செம்பு இறங்கவே இல்லை.

அசைந்த பிறகுதான் சந்திரமதிக்கு நிஜமான பயம் பிடித்தது. திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது அந்த மனிதர் மறுபடி பார்ப்பாரே. சிலைகள் இல்லை என்றால் பெண் பொய் சொன்னாள் என்று தெரிந்துவிடாதா? வேலை போய்விடாதா? கேமராவை அணைத்துத்தான் வைப்பேன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வடிவு தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

"நீ அணைச்சிருவ. அவங்க அணைச்சாங்களான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சந்திரமதி. வடிவு சல்லடையிலிருந்த பொத்தான்களைப் பொறுக்கித் திரும்ப மாட்ட ஆரம்பித்தாள்.

ஆண்கள் இருவரும் மில்லைப் பார்க்கவேண்டும்; மூன்றில் ஒரு சிலையாவது இருந்தால் மீதி இரண்டையும் விற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து மகள் வேலைக்கு உட்கார்ந்ததும் சந்திரமதி அதே சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சல்லடையோடு பின்னால் போய் நின்றுவிடுகிறாள். மத்தியானம் பசிக்கும்போதுதான் கொஞ்சம் சங்கடம். அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மில் வாசலில் 'கரண்ட் இல்லை' என்று எழுதித் தொங்கவிடுகிற பலகையைக் கழுவி, தான் நின்ற இடத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறாள். அதில் சாக்பீஸால், ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறாள்: 'சிலை சாப்பிடப் போயிருக்கிறது.'