எல்லாரும் நடுவில் நின்ற நாள்

முன்னொரு காலத்தில், இரண்டு வருடமாக மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு நாட்டில், நல்ல மனசும் அரைத் தூக்கமுமாக ஒரு ராஜா இருந்தார். ஏழைகளுக்குக் களஞ்சிய நெல்லைக் கொடுத்தால் என்ன என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது.

"ஏழைகளா? நம் நாட்டில் எல்லாரும் நடுத்தரம், பிரபு! விகடகவி ஆவுடையப்பன் பசி பசி என்று கதை கட்டுகிறான்" என்றார் களஞ்சிய அமைச்சர் தனபூபதி.

ராஜா தண்டோரா போட்டார். மறுநாள் எல்லாரும் மதியச் சாப்பாட்டோடு மைதானத்துக்கு வரவேண்டும். பணக்காரர் வலப்பக்கம், ஏழைகள் இடப்பக்கம், மற்றவர்கள் நடுவில். இடப்பக்கம் ஆளில்லை என்றால் களஞ்சியம் திறக்காது, ஆவுடையப்பனுக்கும் அரண்மனையில் வேலையில்லை.

பல்லக்கில் வந்த தனபூபதி, "கப்பல் வணிகரைப் பார்த்தால் நானெல்லாம் சாதாரணம்" என்று நடுவில் நின்றார். உப்பு விற்கும் காத்தாயியும் இடுப்புக் குழந்தையோடு அங்கேயே வந்தாள். "ஏதோ கஞ்சி குடிக்கிறோம் சாமி. அதுவும் இல்லாதவங்க எத்தனை பேரு!" இரண்டு பக்கமும் காக்காய்தான் நின்றது. யாரைக் குறை சொல்வது? நீங்களும் நானும் போயிருந்தாலும் நடுவில்தான் இடித்துக்கொண்டு நின்றிருப்போம்.

ஆவுடையப்பன் கும்பிட்டான். "தோற்றேன், பிரபு. எல்லாரும் ஒரே தரம் என்றால், பக்கத்திலிருப்பவரோடு சாப்பாட்டை மாற்றிக்கொண்டால் ஒன்றும் குறையாதே?"

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா உத்தரவிட்டார். காத்தாயியின் கலயம் தனபூபதி கைக்கு வந்தது.

"இதென்ன, கை கழுவிய தண்ணீரா?" என்று கத்தினார் அவர்.

"மத்தியானச் சாப்பாடுங்க. ராஜா முன்னால வர்றோமேன்னு இன்னிக்கிப் பருக்கைகூடப் போட்டேன்."

அவருடைய நெய்ச்சோற்றில் ஒரு கவளத்தைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, மீதியை அவரிடமே நீட்டினாள். "பசியோட நிக்கிறீங்களே சாமி, சாப்பிடுங்க."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனபூபதி கலயத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வலப்பக்கம் நடந்தார்.

இடப்பக்கம் போகத்தான் யாருக்கும் கால் வரவில்லை. ஏழை என்று ஊர் பார்க்க நிற்பது லேசா என்ன? ஆவுடையப்பன் விறுவிறுவென்று போய் அங்கே தனியாக நின்றான். "காத்தாயி அக்கா, ஒத்தையா நிக்க வெக்கமா இருக்கு. துணைக்கு வாங்களேன்!"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் பின்னால் பாதி ஊரே போனது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட வந்தார். அவன் பதறி விலகினான். "வேண்டாம், பிரபு! போட்டால் அந்தப் பக்கம் போகச் சொல்வீர்கள். முதலில் நெல்லை வாங்கிக்கொள்கிறேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே களஞ்சியத்தைத் திறந்து, காத்தாயியின் முந்தானையில் முதல் மரக்கால் நெல்லைத் தம் கையாலேயே அளந்து போட்டார்.