படலை வரைக்கும்

முகாம் அதிகாரி கனகசபாபதிக்குச் 'சிறை' என்ற சொல்லே ஆகாது. கடல் தாண்டி அடைக்கலம் தேடி வந்தவர்களை முள்வேலிக்குள் அடைத்து, வாசலில் பெரிய பூட்டையும் தொங்கவிட்டு, "நீங்கள்லாம் நம்ம விருந்தாளிங்கப்பா" என்பார்.

ஒருநாள் நீதிபதி அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. முகாமில் சோறு வடிக்கும் மன்னார்க்காரன் சவிரியானை அதிகாரி கூப்பிட்டார். "அம்மா கேட்டா, விருந்தாளின்னுதான் சொல்லணும். குறைன்னு ஒரு வார்த்தை வந்துது, உங்க விடுதலை மனுவெல்லாம் குப்பைக்குத்தான்!"

"குறையே சொல்லமாட்டன் ஐயா" என்றான் சவிரியான்.

நீதிபதி வந்தார். "இங்க உங்களை எப்படி வச்சிருக்காங்க?"

"விருந்தாளி மாதிரி, அம்மா. ஒரு குறையும் இல்லை."

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்தது. சவிரியான் கையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டான்.

"ரெண்டு வருசமா வயிறு நிறையச் சாப்பிட்டம் ஐயா. எங்கட ஊரில விருந்தாளி சாப்பிட்டு எழும்பினா, வீட்டுக்காரர் வாசல் படலை வரைக்கும் வந்து வழியனுப்புவினம். வாங்கோ, நாங்கள் போயிட்டு வாறம்."

அவன் பின்னால் முகாமே மூட்டைமுடிச்சோடு நின்றது.

அதிகாரி பூட்டைப் பார்த்தார். "அது... திறக்க முடியாதே" என்று இழுத்தார்.

"விருந்தாளியைப் பூட்டி வைக்கிற வீட்டை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்ற நீதிபதி, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு விடுதலை உத்தரவை எழுதினார்.

அதிகாரி வாசல்வரை வந்துதான் ஆகவேண்டியிருந்தது. வெளியே கால் வைத்த சவிரியான் திரும்பினான்.

"ஐயாவும் ஒருநாள் எங்கட வீட்டுக்கு வரவேணும். பயப்படாதேங்கோ, எங்கட படலைக்குப் பூட்டு இல்லை!"