காலிப் பட்டிக்குக் கை இல்லை

இது நான் நேரில் பார்த்த கதை அல்ல. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பரமன் அண்ணன் நில அளவைத் துறையில் ஜீப் ஓட்டுகிறார். அவர் போன இடத்தில் கேட்டு வந்து எனக்குச் சொன்னார். நானாக எதையும் சேர்த்துவிடக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடைக்கரைக் காலனியை ஒட்டி இருந்தது. ஊர்ச் சாக்கடை முழுவதும் அங்கேதான் வந்து சேரும். காலனிக்காரர்கள் சமைப்பதும் சாப்பிடுவதும் தூங்குவதும் அந்த நாற்றத்துக்குள்தான்.

அங்கே முத்திருள் என்ற எலெக்ட்ரீஷியன் தனியாக வசித்தான். தாய் தகப்பன் இல்லை. அக்கா வள்ளிமயிலை மேலக்கரடு என்ற கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பிக்குப் பெண் தேடுவது அவள் பொறுப்பு. ஜாதகம் பொருந்தும், பையனையும் பிடிக்கும். வீடு பார்க்க வருகிறவர்கள்தான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அந்த வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று தம்பி மனைவியை உள்ளே அழைக்க வேண்டும், பிறந்த வீட்டில் நாலு நாள் தங்கி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வள்ளிமயில் ஏங்கினாள். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் காலனிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். எந்த இடம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

“எங்க கொண்டு போனாலும் அந்த ஊர்க்காரங்க எதிர்ப்பாங்க. நீ மட்டும் எனக்கு எதிரா கை தூக்கிறாதக்கா” என்றான் முத்திருள்.

“நான் எதுக்குடா தூக்கப் போறேன்? சத்தியமா மாட்டேன்” என்று அவள் சிரித்தாள்.

நகராட்சி தேர்ந்தெடுத்தது மேலக்கரட்டின் மேய்ச்சல் நிலத்தை.

சுற்றுவட்டாரத்தில் கோடையிலும் பச்சை மிஞ்சுவது அங்கே மட்டும்தான். ஊரில் பாதிப் பேர் அந்தப் புல்லை நம்பி ஆடு வளர்க்கிறவர்கள். மேய்க்கிறவர்கள் எல்லோரும் ஒருமனதாக ஆட்சேபித்தால் வேறு இடம் பார்ப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய கூட்டத்துக்கு மேலக்கரட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடு அடைக்கும் பட்டி ஒன்றுக்கு ஒரு கை. எல்லாக் கையும் உயர்ந்தால்தான் தீர்மானம். உயராத கையைப் பார்த்து ஏன் என்று கேட்கக் கூடாது. ஆடில்லாத பட்டிக்குக் கை கிடையாது. ஒரு பட்டி இன்னொரு பட்டிக்குக் கொடுத்த ஆட்டைத் திரும்பக் கேட்பதும் இல்லை.

வள்ளிமயிலின் கணவன் தவசி கூலிக்கு அடுத்தவர் ஆட்டுக் கிடையோடு வெளியூர் போகிறவன். சொந்தமென்று அவன் பட்டியில் இருந்தவை ஏழு சினையாடுகள். கூட்டத்தன்று அவன் ஊரில் இருக்க மாட்டான், அவன் பட்டிக்காகக் கை தூக்க வேண்டியவள் வள்ளிமயில்தான். அவன் கிளம்பும்போது சொன்னான்: “ஒன் தம்பி படுற பாடு எனக்குத் தெரியும் புள்ள. ஆனா நம்ம பட்டியால ஊரு தோத்துச்சுன்னு பேச்சு வரக்கூடாது.”

“வராது. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க.”

கூட்டத்தன்று காலையில் அவள் ஏழு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு பக்கத்துப் பட்டி ஒச்சம்மாவிடம் போனாள்.

“என்னத்தா, மேய்க்க ஆளில்லையா?”

“மேய்க்க இல்ல மதினி. நீங்களே வச்சுக்கங்க.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா? தவசி வந்தா என்னையத்தான் வெட்டுவான்.”

“அவரு ஆட்டைத்தான் தேடுவாரு. ஒங்கள எதுக்குத் தேடுறாரு?”

தம்பிக்காக அவள் கை தூக்க மாட்டாள் என்று நினைத்து, கூட்டத்தில் ஒரு பெரியவர் அவள் காதில் விழும்படியே சொன்னார்: “சாக்கடை ஓரத்துல பொறந்தவளுக்கு நல்ல காத்தோட அரும எப்படித் தெரியும்?”

“ஒங்களவிட நல்லாத் தெரியும் மாமா” என்றாள் வள்ளிமயில். “எம் பட்டி காலி. எனக்குக் கை இல்ல.” சொல்லிவிட்டு எழுந்து போனாள். மீதி இருந்த எல்லாக் கையும் உயர்ந்தது. நகராட்சி மேலக்கரட்டைக் கைவிட்டது.

மறுநாள் முத்திருள் வந்தான். வீட்டுக்குள் நுழையவில்லை.

“நீ எதுவும் செய்ய வேணாம்க்கா. ஆட்டோட சும்மா உக்காந்திருந்தாலே போதும். தீர்மானம் தோத்திருக்கும். எந்திரிச்சு ஏன் போன?”

கிடை முடிந்து திரும்பிய தவசி காலிப் பட்டியின் படலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“கையத் தூக்குன்னுதான சொன்னேன். ஆட்டக் குடுக்கவா சொன்னேன்?”



இப்போது நீங்கள் சொல்லுங்கள். வள்ளிமயில் யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்? கணவனுக்கா, தம்பிக்கா, இருவருக்குமா, இல்லை ஒருவருக்குமே இல்லையா?

எனக்குத் தோன்றுவது இது. தவறாகவும் இருக்கலாம். சொன்ன சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டையும் காப்பாற்றினாள். தம்பிக்கு எதிராக அவள் கை உயரவில்லை, அவள் பட்டியால் ஊரும் தோற்கவில்லை. ஆனால் தம்பி கேட்டது கையை அல்ல, காற்றை. அது கிடைக்கவில்லை. அதனால் கணவனுக்குக் கொடுத்த வாக்குத்தான் நிறைவேறியது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒன்று உறுத்தியது. கையைத் தூக்கியிருந்தாலும் அதே புல் மிஞ்சியிருக்கும், ஏழு ஆடுகளும் இருந்திருக்கும். தம்பியை எதிர்த்து ஒரு கை உயராமல் இருப்பதற்காக மட்டுமே அவள் அவ்வளவையும் இழந்தாள். ஆகவே புல்லைக் கணவனுக்குக் கொடுத்தாள், ஆடுகளைத் தம்பிக்காகக் கொடுத்தாள். அதில் எதுவும் தம்பியின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் துயரம். வாக்கு இரண்டும் நின்றன என்பதே என் விடை.

பிறகு நானே அந்தப் பக்கம் போய் விசாரித்தேன். நிலையம் இன்னும் ஓடைக்கரையில்தான் இருக்கிறது. தம்பி கூப்பிடட்டும் என்று அக்காவும், அக்கா வரட்டும் என்று தம்பியும் இருக்கிறார்கள். மேலக்கரட்டில் கிளம்பும் டவுன் பஸ் கடைசியாக நிற்பது ஓடைக்கரைக் காலனியில். நடுவில் எங்கும் இறங்கி மாற வேண்டியதில்லை.